எந்தக் காதுக்கு எந்த மெஷின்?

மலாக்கா பட்டணத்தில் காது மெஷின் விற்கும் கடைக்குள் நுழையும் குடும்பம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "வெளிய தெரியாத மாதிரி சின்னதா இருக்கா?" அடுத்து விலை. அப்பாவின் காதில் எப்போதாவது சீழ் வந்ததா, அவருடைய விரலுக்கு 5.8 மில்லிமீட்டர் பேட்டரியைப் பிடித்து மாற்ற வருமா, பகலில் வீட்டில் அவரோடு பேச யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. ஆறு மாதம் கழித்து அந்த மெஷின் சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியில் பெட்டியோடு கிடக்கும். "அப்பா போட மாட்டேங்கிறாரு" என்று பழி அப்பாமேல் விழும்.

தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த காதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காதுக்குப் பின்னால் உட்காரும் மாதிரிதான் சரியான தேர்வு. யாரும் ஆசைப்பட்டு வாங்காத, பார்த்தவுடன் தெரிந்துவிடும் அந்த மாதிரியைத்தான் சொல்கிறேன். விதிவிலக்குகள் உண்டு. அவற்றையும் பார்ப்போம். முதலில் இந்தக் காதுகள் எப்படிப் போயின என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எந்த மெஷின் என்பதைப் பாதிக்குமேல் அதுவே தீர்மானிக்கிறது.

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக வேர்விட்டது இந்த மாநிலத்தில்தான். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அதன் பின்னால் வந்த தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் பால் வெட்டினார்கள். பால் வெட்டுவது சத்தமில்லாத வேலை, அதனால் மரத்தடியில் யாருடைய காதும் கெடவில்லை. கெட்டது பால் ஸ்டோரிலும் ரப்பர் ஆலையிலும்தான். அங்கே இரும்பு உருளைகள் நாள் முழுக்க அரைத்துக்கொண்டிருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது எண்ணெய் ஆலையின் நீராவியும் டர்பைனும் வந்தன. மண்வெட்டியும் வெட்டுக்கத்தியும் செய்த வேலையை முதுகில் மாட்டும் புல்வெட்டி மெஷின் எடுத்துக்கொண்டது. அதன் இன்ஜின் காதிலிருந்து ஒன்றிரண்டு சாண் தூரத்தில் ஓடும், 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். காதில் திணித்த பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. எழுபதுகளில் பத்து பெரண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தபின் தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள், அங்கும் இரைச்சல் இருந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு காதை இழந்தவர்களும் அந்தத் தலைமுறையில் உண்டு. இத்தனைக்கும் மேலே வயது.

இரைச்சலும் வயதும் முதலில் தின்பது மேல்சுருதிகளை. இரைச்சலால் கெட்ட காதில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் குழி விழும், பிறகு அந்தக் குழி இரு பக்கமும் அகலும். தமிழில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக இருப்பதால் அவை தப்பிக்கும். மெய்களின் கூர்மைதான் போகும். சட்டை, கட்டை, தட்டை, பட்டை எல்லாமே அந்தக் காதுக்கு "அட்டை". அதனால்தான் பெரியவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல" என்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் இன்னும் உரக்கக் கத்துவார்கள். கத்தும்போது பலப்படுவது ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்த உயிரொலிதான். பெரியவர் எரிச்சலாகி, "ஏன் கத்துற?" என்பார். எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் கூட்டும் மெஷினும் இந்தக் கத்தலைத்தான் செய்கிறது. ஷாப்பியிலும் லசாடாவிலும் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் "காது மெஷின்கள்" பெரும்பாலும் இந்த வகை ஒலிபெருக்கிகள். அவற்றுக்கு அந்தக் காதின் கணக்கு தெரியாது.

அந்தக் கணக்குதான் ஆடியோகிராம் என்ற ஒற்றைத் தாள். குறுக்கே 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை சுருதி, மேலிருந்து கீழே டெசிபல். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு இழப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையின்படி 20 டெசிபலுக்குள் இருந்தால் குறையில்லை, 20 முதல் 35-க்குள் லேசானது, 35 முதல் 50-க்குள் மிதமானது, 65-ஐத் தொட்டால் கடுமையானது, 80-ஐத் தொட்டால் மிகக் கடுமையானது. நான்கு சுருதிகளின் சராசரிதான் இந்த எண். சராசரி ஒன்றாகவே இருக்கும் இரண்டு பேருக்கு வேறு வேறு மெஷின் தேவைப்படலாம். ஒருவரின் கோடு சமதளமாக ஓடும், இன்னொருவருடையது 2,000 ஹெர்ட்ஸுக்குப் பிறகு மலைச்சரிவாக விழும். "அப்பாவுக்கு அறுபது சதவீதம் போச்சு" என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போவதில் பயனில்லை. தாளையே கொண்டுபோங்கள்.

தாளுக்கும் முன்னால் காதுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். குறும்பி அடைத்த காதுக்கு மெஷின் வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளிக்கு முடியும் காரியம் அது. சீழ் வடிகிறதா, ஒரு காது மட்டும் மந்தமாகிறதா, தலைசுற்றல் சேர்ந்து வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் கடைக்கு முன் காது மூக்கு தொண்டை நிபுணர். திடீரென ஒரே இரவில் காது அடைத்துக்கொண்டால் அது அவசரம். மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் மீள வாய்ப்பு அதிகம், "சளியா இருக்கும்" என்று வாரக்கணக்கில் காத்திருந்தால் வாய்ப்பு குறையும்.

இனி மெஷின்களுக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாத வகை காதுத் துளைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆசை அதன்மேல்தான். வியர்வை, குறும்பி, ஈரம் எல்லாவற்றுக்கும் நடுவில், சத்தத்தை வெளிவிடும் அதன் ஒலிவாய் இருக்கிறது. மலாக்காவின் வெயிலும் புழுக்கமும் அதற்கு ஆகாது. இடம் குறைவென்பதால் சக்தியும் குறைவு, மஞ்சள் அட்டை போட்ட 10-ஆம் எண் பேட்டரி ஒரு வாரம் தாண்டுவது சிரமம். ஐம்பது வயதில், லேசான இழப்போடு, காய்ந்த சுத்தமான காதோடு, குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு அது சரி. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற 72 வயதுக்காரருக்கு அதை விற்பவரிடம் எனக்கு மரியாதை கிடையாது.

அடுத்தது, உடல் காதுக்குப் பின்னாலும் ஒலிவாய் மட்டும் மெல்லிய கம்பி வழியாகக் காதுக்குள்ளும் இருக்கும் வகை. கடைகளில் ஆர்ஐசி என்பார்கள். இன்று உலகச் சந்தையில் அதிகம் விற்பது இதுதான். அதற்குக் காரணமும் உண்டு. தாழ்ந்த சுருதி நன்றாகவும் மேல்சுருதி மோசமாகவும் இருக்கும் காதை முழுக்க அடைத்துவிட்டால் தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்கும். இந்த வகையில் ஓட்டைகள் உள்ள மெல்லிய ரப்பர் குமிழைப் போடலாம், இயற்கைச் சத்தம் அந்த ஓட்டை வழியே உள்ளே போகும், மேல்சுருதியை மட்டும் மெஷின் கூட்டிக் கொடுக்கும். இரைச்சலால் கெட்டு இன்னும் பாதிக்குமேல் மிஞ்சியிருக்கும் காதுக்கு இது கச்சிதம். குறை, ஒலிவாய் காதுக்குள் இருப்பதுதான். குறும்பி தடுப்பானை அடிக்கடி மாற்ற வேண்டும். அது கடுகளவுப் பொருள், பேத்தி பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும். சீழ் வடியும் காதாக இருந்தால் ஒலிவாய் மாதக்கணக்கில்கூடத் தாங்காது.

அதனால்தான் பழைய பின்காது மெஷின். மின்சார உறுப்புகள் அத்தனையும் காதுக்குப் பின்னால் காய்ந்த இடத்தில் இருக்கும், காதுக்குள் போவது ஒரு குழாயும் அச்செடுத்துச் செய்த வார்ப்பும் மட்டும். வார்ப்பைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். இழப்பு லேசாக இருந்தால் வார்ப்புக்குப் பதில் மெல்லிய குழாயும் திறந்த குமிழும் போட்டுக்கொள்ளலாம். பத்து வருடத்தில் இழப்பு முற்றினால் அதே மெஷினில் தடித்த குழாயும் வார்ப்பும் பொருத்தலாம். 65 டெசிபலுக்குக் கீழே இறங்கிவிட்ட காதுக்குப் பெரும்பாலும் வார்ப்பு இல்லாமல் முடியாது, இல்லையென்றால் சத்தம் கசிந்து மெஷின் விசிலடிக்கும். விசில் கேட்டால் உடனே "மெஷின் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம். பாதி நேரம் வார்ப்பு தளர்ந்திருக்கும், அல்லது சரியாக உள்ளே போயிருக்காது, அல்லது குறும்பி சேர்ந்திருக்கும்.

பின்காது மெஷினிலும் ஒரு தொல்லை உண்டு. வெளியில் புழுக்கமும் கடைக்குள் ஏர்கோனும் மாறி மாறி வந்தால் குழாய்க்குள் ஒரு துளி தண்ணீர் கோத்து நிற்கும். துளி சின்னதுதான், சத்தம் முழுக்க நின்றுபோகும். கையால் அமுக்கும் ரப்பர் பந்தால் காற்றடித்து அதை வெளியேற்ற வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் நம் ஊர் ஈரத்திலும் மெஷின் ஐந்தாறு வருடம் உழைக்கும். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறினால் புதிது போட வேண்டும். வாங்கிக் கொடுத்த பிள்ளைகள் கோலாலம்பூருக்குத் திரும்புவதற்கு முன் இதைச் செய்து காட்டிவிட்டுப் போவது நல்லது.

பேட்டரியும் மெஷின் தேர்வுதான். துத்தநாகக் காற்று பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்தவுடன் அது காற்றை உறிஞ்சி உயிர்பெறும். உரித்து ஒரு நிமிடமாவது வெளியே வைத்துப் பிறகு போட்டால் முழுப் பலன். 13-ஆம் எண் ஆரஞ்சு நிற அட்டை, 675 நீலம். இவை தடிமனானவை, பால் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கும் அகப்படும், ஒன்று முதல் இரண்டு மூன்று வாரம் ஓடும். இப்போது சார்ஜ் செய்யும் மெஷின்கள் வந்துவிட்டன. இரவில் தொட்டிலில் போட்டால் போதும் என்பது கை நடுங்குபவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் நான்கைந்து வருடத்தில் அந்த பேட்டரி சோர்ந்துபோகும், பலவற்றில் அதை மாற்ற மெஷினைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அதுவரை மாற்று மெஷின் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சட்டைப் பையில் பெட்டியும் காதுக்கு ஒயருமாகத் தொங்கும் பழைய மெஷினைத் தோட்டத்துக் கிராணிகளிடம் பார்த்தவர்கள் இருப்பார்கள். அதன் காலம் ஏறக்குறைய முடிந்தது. படுக்கையில் இருப்பவர்கள், விரல் ஒத்துழைக்காதவர்கள் சிலருக்கு இன்னும் அது உதவும். சீழ் நிற்காத காதுக்கும், பிறவியிலேயே துளை இல்லாத காதுக்கும் எலும்பு வழியாகச் சத்தம் அனுப்பும் கருவி உண்டு, அது நிபுணர் முடிவு செய்வது. மிகக் கடுமையான இழப்பில் எந்த மெஷினாலும் பேச்சு புரியவில்லை என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற அறுவைச் சிகிச்சை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

குழந்தைகளின் விஷயம் வேறு. காது வளர்ந்துகொண்டே இருக்கும், வார்ப்பைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும், அதனால் பின்காது மெஷின் தவிர வேறு பேச்சுக்கே இடமில்லை. மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளில் எங்காவது ஒரு பிள்ளை கடைசி வரிசையில் "கவனமில்லாமல்" உட்கார்ந்திருந்தால், தண்டிப்பதற்கு முன் காதைப் பார்க்கச் சொல்லலாம்.

ஒரு மெஷினா, இரண்டா? இரண்டு காதும் கெட்டிருந்தால் இரண்டு. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியவும், கூட்டத்தில் பேச்சைப் பிரித்தெடுக்கவும் இரு காதும் வேண்டும். கையில் இருப்பது விலை உயர்ந்த ஒன்றுக்கு மட்டுமே காணும் என்றால், அதைவிட நடுத்தர விலையில் இரண்டு வாங்கலாம் என்பது என் கட்சி. விலை ஒரு காதுக்கு ஆயிரம் வெள்ளிச் சொச்சத்தில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டும். மேலே போகப் போகக் கிடைப்பது அதிகப்படியான சானல்கள், இரைச்சலைப் பிரிக்கும் திறமை, கைப்பேசியோடு இணைப்பு. நாள் முழுக்க வீட்டில் மனைவியோடும் டிவியோடும் இருப்பவருக்கு இவற்றில் பாதி தேவைப்படாது. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகத்துக்கு உருமி மேளத்தின் நடுவே நின்று யாரிடமாவது பேச வேண்டும் என்றால், பத்தாயிரம் வெள்ளி மெஷினும் கைவிரிக்கும். அங்கே சத்தத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தால் போதும். பொத்தானே இல்லாமல் கைப்பேசிச் செயலியில் மட்டும் இயங்கும் மெஷினைப் பெரியவர்களுக்கு வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

பணத்தைவிட முக்கியம் மெஷினை அந்தக் காதுக்கு ஏற்பத் திருத்திவைப்பது. மெல்லிய குழாய் மைக்கைக் காதுக்குள் விட்டு, மெஷின் போட்ட நிலையில் செவிப்பறை அருகே எந்தச் சுருதி எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளப்பதே சரியான முறை. எல்லாக் கடையிலும் அந்த வசதி இருக்காது. அதை வைத்திருக்கும் இடத்தில் வாங்கிய சாதாரண மெஷின், இல்லாத இடத்தில் வாங்கிய உயர்ந்த மெஷினைவிட நன்றாகக் கேட்கும். சோதனை செய்பவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். இணை சுகாதாரத் தொழில் சட்டம் 2016-இன் கீழ் வரும் தொழில்களில் ஆடியோலஜிஸ்ட் தொழிலும் ஒன்று, பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது நம் உரிமை. பேச்சுப் புரியும் சோதனை மலாய்ச் சொற்களில் நடந்தால், தோட்டத்துக்கு வெளியே அதிகம் பழகாத பாட்டிக்குக் காது கேட்டும் சொல் தெரியாமல் போகலாம். கூட ஒருவர் போய், தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். புது மெஷினோடு காது பழக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முதல் வாரம் தட்டு வைக்கும் சத்தமே இடியாக விழும். அதற்குப் பயந்து கழற்றிவைத்தால் அத்தோடு கதை முடிந்தது. அந்த இடைவெளியில் இரண்டு மூன்று முறையாவது திருத்தம் செய்துகொடுக்கிற, ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிற கடையில்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும். மஸ்ஜித் தானாவிலிருந்தோ புலாவ் செபாங்கிலிருந்தோ ஒவ்வொரு தடவையும் பட்டணத்துக்கு வர யார் கார் ஓட்டுவார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். கிளினிக் கெசிஹாத்தான் கடிதத்தோடு மலாக்கா பொது மருத்துவமனைக்குப் போனால் நிபுணரைப் பார்ப்பதும் சோதனையும் சொற்பச் செலவு. மெஷின் மட்டும் இலவசமில்லை. வசதியில்லாதவர்கள் மருத்துவமனையிலேயே உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்குப் போய் விண்ணப்பிக்கலாம். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி 2005 முதல் இருக்கிறது. ஸகாத் நிதி முஸ்லிம்களுக்கு உரியது என்பதால் நம்மவர்களுக்கு இந்த வழிதான் முக்கியம். சமூக நல இலாகாவில் ஓகேயூ எனும் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்தவர்களுக்குத் துணைக்கருவி உதவித் திட்டம் உண்டு. வருமான வரி கட்டும் பிள்ளைகள், அட்டை உள்ள தாய் தந்தைக்கு மெஷின் வாங்கினால் 6,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். அரசாங்க ஓய்வூதியக்காரர்கள் பொதுச் சேவை இலாகாவிடம் விசாரிக்காமல் கையிலிருந்து செலவழிக்க வேண்டாம்.

பெரிய கதவு, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அதன் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரைச்சலால் வரும் காது இழப்பு தொழில்சார் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. நிரூபித்தால் இழப்பீடும் உண்டு, மறுவாழ்வு உதவியாக மெஷினும் கிடைக்கும். சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்குவதே நம் மாநிலத்தில்தான். ஆனால் சட்டத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வேலையை விட்ட 60 மாதங்களுக்குள் நோய் வந்திருக்க வேண்டும். ஆலையில் முப்பது வருடம் நின்றவர் 55-இல் ஓய்வுபெற்று, காது மந்தமாவதை வயதின் கோளாறென்று நினைத்து, பேரன் கல்யாணத்துக்காக 70-இல் சோதிக்கப் போனால் அந்தக் கதவு பூட்டியிருக்கும். தோட்டத்து மக்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் சொந்தப் பணத்தில் மெஷின் வாங்கினார்கள்.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு நிலைமை மாறியிருக்கிறது. 1989-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள் தொழிற்சாலைகளுக்கு மட்டும், வரம்பும் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். 2019 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகள் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டன, வரம்பை 85-க்கு இறக்கின, 3 டெசிபல் கூடினால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும் என்று கணக்கையும் கடுமையாக்கின. 88 டெசிபலுக்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு. வரம்பைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு முதலாளி ஆண்டுதோறும் காது சோதனை செய்ய வேண்டும். புல்வெட்டி பிடிக்கும் இளைஞருக்கும், எண்ணெய் ஆலையில் இருக்கும் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளிக்கும், ஆயர் குரோ தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு பார்க்கும் தங்கைக்கும் இது பொருந்தும். சோதனை முடிந்ததும் முடிவின் நகலைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் வைக்கும் பையிலேயே போட்டுவையுங்கள். வேலையில் சேர்ந்த வருடத்துத் தாளும் விலகும் வருடத்துத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சொக்சோ கவுன்டரில் காது எப்போது கெட்டது என்று வாதாட வேண்டியதில்லை. மெஷினைத் திருத்திவைக்கும் ஆடியோலஜிஸ்டும் முதலில் கேட்பது அதே தாள்களைத்தான்.